சனிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்பிய அப்டேட்: டெஸ்லா 10.3, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபர் 23, சனிக்கிழமை. அமெரிக்காவில் டெஸ்லா வைத்திருப்பவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் எஃப்.எஸ்.டி. பீட்டா 10.3 என்ற அப்டேட் இறங்கியது. எஃப்.எஸ்.டி. (ஃபுல் செல்ஃப் டிரைவிங்) என்பது டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி மென்பொருள், பீட்டா என்றால் இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பு. உண்மையில் ஒரு நாள் முன்னாடியே வந்திருக்க வேண்டியது. சிக்னலில் இடதுபக்கம் திரும்பும்போது முன்பு நன்றாக இருந்த ஒன்று புதுப் பதிப்பில் கெட்டுப்போயிருப்பது உள்சோதனையில் தெரிந்ததால் ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். அதைச் சரிசெய்து அனுப்பினார்கள், அனுப்பியதில் வேறொன்று கெட்டிருந்தது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அப்டேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கார்களைப் பழைய 10.2க்கு மாற்றினார்கள்.

விபத்தோ காயமோ நடந்ததாகத் தெரியவில்லை என்று நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அதனாலேயே இது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் ஓட்டுநர் உதவி மென்பொருளை, மக்கள் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கும் காரில் மாற்றும்போது ஓட்டுபவருக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றரை நாளை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அப்டேட் இறங்கிய நாளில், அந்தக் காரைப் பற்றி ஓட்டுபவர் மாதக்கணக்கில் கற்றுவைத்ததில் ஒரு பகுதி செல்லாமல் போகிறது, எந்தப் பகுதி என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

அந்த வார இறுதியில் என்ன நடந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வழக்கமான சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் ஒரு கார் போதுமான தூரத்தில் அதுபாட்டுக்குப் போகிறது. திடீரென்று எச்சரிக்கை ஒலி, திரையில் அந்தக் கார் சிவப்பாக மாறுகிறது, மோதப் போகிறீர்கள் என்கிறது. மோத எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே ஒலி. சில கார்களில் இது எச்சரிக்கையோடு நிற்காமல் அவசர பிரேக்கும் தானாகவே விழுந்தது. பின்னால் வருபவருக்கு நீங்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று தெரியாது, உங்களுக்கே தெரியாது.

அந்த ஓட்டுநர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பீட்டாவுக்குள் வர வேண்டுமென்றால் அப்போது பாதுகாப்பு மதிப்பெண் எடுக்க வேண்டும். கார் உங்களைக் கவனித்து ஐந்து விஷயங்களில் மார்க் போடும்: மோதல் எச்சரிக்கை எத்தனை முறை வந்தது, எவ்வளவு வேகமாக பிரேக் போட்டீர்கள், வளைவில் எப்படித் திருப்பினீர்கள், முன்வண்டியை எவ்வளவு ஒட்டிப் போனீர்கள், பாதையையும் வேகத்தையும் கார் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோபைலட் வசதி உங்கள் கவனக்குறைவால் எத்தனை முறை தானாக விலகியது. 100க்கு 100 வாங்கிய ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு முதலில் 10.2 போனது, அடுத்து 99 வாங்கியவர்களுக்கும் சேர்த்து 10.3. அதாவது தேவையில்லாத பிரேக்கும் மோதல் எச்சரிக்கையும் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்களின் கையில்தான், தேவையில்லாமல் எச்சரித்து பிரேக் போடும் பதிப்பு போய்ச் சேர்ந்தது. இவர்கள் விளையாட்டுத்தனமான ஆட்கள் இல்லை. வாரக்கணக்கில் மார்க்குக்காகப் பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள்.

காரணம் என்ன என்று அரசுக்குக் கொடுத்த ரீகால் ஆவணத்தில், அதாவது விற்ற கார்களில் உள்ள பாதுகாப்புக் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்வதற்கான பதிவில் இருக்கிறது, மென்பொருள் வேலை பார்க்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும் காரணம். இந்தக் கார்களின் கணினியில் இரண்டு சிப்கள். நிறுத்தி வைத்த கார், சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் நிலையிலிருந்தோ கூப்பிட்டால் தானாக வந்து சேரும் வசதிக்கான காத்திருப்பு நிலையிலிருந்தோ விழிக்கும்போது, புதுப் பதிப்பில் செய்த ஒரு மாற்றத்தால் அந்த இரண்டு சிப்களுக்கும் நடுவே தொடர்பு அறுந்துபோனது. அதனால் கேமரா வீடியோவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் நரம்பு வலையமைப்புகள், அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள்கள், ஒரு சிப்பில் சீராக ஓடவில்லை. சீராக ஓடாததால் மற்ற வண்டிகளின் வேகம் எதிர்மறையாகக் கணக்காகியது, முன்னால் போகும் வண்டி பின்னோக்கி வருவது போல. பின்னோக்கி வரும் வண்டிக்கு அவசர பிரேக் போடுவது சரிதானே. பிரேக் போடும் பகுதி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, அதற்குக் கிடைத்த தகவல்தான் பொய்.

இதில் ஓட்டுபவர் கோணத்தில் முக்கியமானது, கார் எந்த நிலையிலிருந்து விழித்தது என்பதைப் பொறுத்துத்தான் கோளாறு வருகிறது. ஒரே பதிப்பை ஏற்றிய இருவரில் ஒருவர் "எனக்கு அருமையாகப் போகிறது" என்று சொல்வார், இன்னொருவர் "கொலை செய்யப் பார்க்கிறது" என்பார், இரண்டும் உண்மையாக இருக்கும். எத்தனையோ சண்டைகளில் கோளாறு சொன்னவரைப் பார்த்து உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மற்றவர்கள் சொன்னதைப் படித்திருக்கிறேன். ராத்திரி கார் எப்படித் தூங்கியது என்பது வரைக்கும் போய்த் தேட வேண்டிய கோளாறை ஓட்டுபவர் மேல் போடுவது அநியாயம்.

புகார்கள் வந்த சில மணி நேரத்தில் நிறுவனம் வேலையில் இறங்கியது, அதை மறுக்க முடியாது. இன்னும் ஏற்றாத கார்களுக்கு அப்டேட்டை நிறுத்தினார்கள், பாதித்த கார்களில் மோதல் எச்சரிக்கையையும் அவசர பிரேக்கையும் அணைத்தார்கள், 10.2க்குத் திருப்பினார்கள், திங்கட்கிழமையே திருத்திய பதிப்பு போகத் தொடங்கியது. ரீகால் கணக்கில் வந்த கார்கள் 11,704. அக்டோபர் 29க்குள் 17 கார்களைத் தவிர எல்லாவற்றிலும் திருத்தம் ஏறியிருந்தது. பட்டறைக்கு வரச்சொல்லிக் கடிதம் போடும் ரீகாலில் இந்த வேகம் கனவிலும் நடக்காது.

ஆனால் அந்த நடவடிக்கைகளில் ஒன்றை மறுபடி படித்துப் பாருங்கள். அவசர பிரேக்கை தூரத்திலிருந்து அணைத்தார்கள். பொய்யாக பிரேக் போடுவதை விட அணைப்பதே மேல் என்று முடிவெடுத்தது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் சனிக்கிழமை காலையில் அவசர பிரேக் இருந்த கார், மாலையில் அளவுக்கு மீறி பிரேக் போடும் கார், அப்புறம் அவசர பிரேக்கே இல்லாத கார், அப்புறம் மறுபடி பழைய கார். ஒரு வார இறுதிக்குள் நான்கு கார்கள், சாவி மட்டும் ஒன்று.

இது பீட்டா மென்பொருளில் எதிர்பார்க்க வேண்டியதுதான், எல்லாச் சூழலிலும் எல்லா வன்பொருள் அமைப்பையும் உள்ளே வைத்துச் சோதிக்க முடியாது, அதற்காகத்தான் பொது பீட்டா என்ற பொருளில் எலான் மஸ்க் ட்விட்டரில் எழுதினார். செல்போன் செயலியாக இருந்தால் இந்த வாதத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. சாலையில் பின்னால் வந்தவர் பீட்டாவுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவில்லையே.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக என்.எச்.டி.எஸ்.ஏ., சரியாக அந்த மாதம் 12ஆம் தேதிதான் டெஸ்லாவுக்குக் கடிதம் எழுதியிருந்தது. நின்றுகொண்டிருந்த போலீஸ், தீயணைப்பு வண்டிகள் மேல் ஆட்டோபைலட் கார்கள் மோதியதை 2021 ஆகஸ்டில் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். செப்டம்பரில் டெஸ்லா, அவசர வண்டிகளின் விளக்கொளியை அடையாளம் காணும் ஒரு அப்டேட்டைச் சத்தமில்லாமல் அனுப்பியது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்கிற அப்டேட் என்றால் அது ரீகால், முறைப்படி பதிவுசெய்ய வேண்டாமா என்பது அந்தக் கடிதத்தின் கேள்வி. இரண்டு வாரத்தில் 10.3 வந்தது, அதை ரீகாலாகவே பதிவுசெய்தார்கள். "அப்டேட்தானே, இதைப் போய் ரீகால் என்பதா" என்று கார் வைத்திருப்பவர்களே கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சொல் வேண்டும். ரீகால் என்று பதிவானதால்தான் சிப், தூக்கம், எதிர்மறை வேகம் என்ற விவரமெல்லாம் நமக்குத் தெரிய வந்தது. இல்லையென்றால் "சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்" என்ற ஒரு வரியோடு போயிருக்கும்.

அதே 10.3இல் இன்னொன்றும் வந்தது. சாந்தம், சராசரி, துணிச்சல் என்று மூன்று ஓட்டும் பாணிகள். துணிச்சலைத் தேர்ந்தெடுத்தால், நிறுத்தச் சொல்லும் பலகையில் முழுசாக நிற்காமல் உருண்டு போகலாம் என்று திரையிலேயே எழுதியிருந்தது. எல்லாப் பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பில், வேறு வண்டியோ ஆளோ இல்லாவிட்டால் மணிக்கு 5.6 மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் கார் நிற்காமல் கடக்கும். சட்டத்தை மீறுவதை ஒரு தேர்வாகவே கொடுத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் 53,822 கார்களுக்கு அதையும் ரீகால் போட்டு அப்டேட் மூலமே நீக்கினார்கள்.

சரி, 10.3 ஒரே வாரத்தில் முடிந்த கதை. மெதுவாக நடந்த மாற்றங்கள் இதைவிடக் கஷ்டம். 2021 மே முதல் வட அமெரிக்காவில் விற்ற மாடல் 3, மாடல் ஒய் கார்களில் ரேடாரை எடுத்துவிட்டு கேமரா மட்டும் போதும் என்றார்கள். பின்னர் ரேடாரோடு வாங்கிய பழைய கார்களிலும் அப்டேட் மூலம் ரேடாரைப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கிய கருவி வண்டியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தது. அந்தக் காலகட்டத்தில் "பேய் பிரேக்" புகார்கள் குவிந்தன. ஒன்றுமில்லாத நெடுஞ்சாலையில் கார் தானாகவே சடாரென்று வேகத்தைக் குறைப்பதற்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. ஒன்பது மாதத்தில் 354 புகார் வந்ததைப் பார்த்து 2022 பிப்ரவரியில் சுமார் 4,16,000 கார்கள் மேல் என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணை தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் புகார் 758 ஆனது. முன்னறிவிப்பே இல்லாமல், கண்டபடி, ஒரே பயணத்தில் பல தடவை நடக்கிறது என்பதுதான் அவற்றின் சாரம்.

இங்கேதான் கால் விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுநர் உதவியோடு ஓட்டுகிற ஒருவரின் வலது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார் பிரேக் போடத் தவறிவிடுமோ என்று பயந்தால் கால் பிரேக் மேல் மிதக்கும். தேவையில்லாமல் பிரேக் போட்டுவிடுமோ என்று பயந்தால் ஆக்சிலரேட்டர் மேல் மிதக்கும், ஏனென்றால் லேசாக அழுத்தினால் போதும், கார் வேகம் குறைப்பதை விட்டுவிட்டுப் போகும். பேய் பிரேக்கோடு சில மாதம் வாழ்ந்தவர் தன்னை அறியாமலே இரண்டாவது பழக்கத்துக்குப் போய்விடுகிறார். மேம்பாலத்தின் நிழல் வரும்போதே, எதிரே பெரிய லாரி வரும்போதே கால் ஆக்சிலரேட்டரைத் தேடும். அது மூளை யோசித்துச் செய்வது இல்லை, உடம்பு கற்றுக்கொண்டது. இப்போது ஒரு அப்டேட் வந்து பேய் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது என்று வையுங்கள். நல்ல செய்திதான். ஆனால் இனிமேல் அந்தக் கார் பிரேக் போட்டால் அநேகமாக உண்மையான காரணத்துக்காகப் போடும், அந்த நொடியில் பழைய பழக்கத்தில் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தும். மோசமாக்கும் அப்டேட் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

உடம்பு கற்றுக்கொண்டதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2018 மார்ச் 23 கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் நடந்த விபத்து இருக்கிறது. 101ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 85க்கு இடதுபக்கம் பிரியும் இடத்தில், இரண்டு பாதைக்கும் நடுவே உள்ள முக்கோணப் பகுதிக்குள் ஆட்டோபைலட்டில் போன டெஸ்லா மாடல் எக்ஸ் நுழைந்தது, முன்னால் வண்டி இல்லை என்று வேகமெடுத்து, மணிக்கு சுமார் 71 மைல் வேகத்தில் சிமென்ட் தடுப்பில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். அதே இடத்தில் கார் இடதுபக்கம் இழுக்கிறது என்று அவர் முன்பே வீட்டில் சொல்லியிருந்தார். காரின் பதிவுகளும் அதையே காட்டின. பிப்ரவரி 27 அன்று அதே இடத்தில் ஆட்டோபைலட் ஸ்டீயரிங்கை 6 டிகிரி இடதுபக்கம் திருப்பியது, இரண்டு நொடியில் அவர் திருத்தினார். மார்ச் 19, அதாவது இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, 5.1 டிகிரி, ஒரு நொடியில் திருத்தினார். ஒரு மென்பொருள் திருத்தத்துக்குப் பிறகு ஆட்டோபைலட் நடந்துகொண்ட விதம் பற்றி, அதே வகைக் கார் வைத்திருந்த நண்பரிடமும் பேசியிருந்ததாக விசாரணைக் கோப்பில் இருக்கிறது.

விபத்துகளை ஆராயும் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020 பிப்ரவரியில் சொன்ன முடிவு ஒருவர் தலையில் மட்டும் விழவில்லை. அமைப்பின் வரம்புகளால் கார் அங்கே திரும்பியது, போனில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் கவனம் சிதறி ஓட்டியவர் கவனிக்கவில்லை என்பது பெரும்பாலும் காரணம். அப்புறம், மோதலைத் தாங்க வைத்திருந்த தடுப்பு 11 நாள் முன்பு வேறொரு விபத்தில் நசுங்கியது, சரிசெய்யவே இல்லை. போன் விஷயத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த 6 டிகிரியும் 5.1 டிகிரியும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை பிடித்திருக்கிறார். எந்த இடம் என்று தெரியும், எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும். அவர் என்ன நினைத்தார் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாக ஓட்டுபவர்கள் பேசுவதை வைத்துச் சொல்கிறேன்: அப்டேட் வந்துகொண்டே இருக்கும் காரில், தெரிந்த குறை கூட "இந்நேரம் சரியாகியிருக்கும்" என்ற நம்பிக்கையாக மாறிவிடுகிறது.

அப்டேட்டே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 மேயில், பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது, பெரிய பிக்கப் லாரியை விட மோசம் என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில் வயர்லெஸ் வழியாகவே அப்டேட் வந்தது, மறுபடி சோதித்தபோது 133 அடி. 19 அடி குறைந்தது, ஒரு நட்டைக்கூடத் திருகாமல். ஒரு முழுக் காரின் நீளத்தை விட அதிகம் அது, அந்த 19 அடிக்குள் நின்றிருக்கக்கூடிய ஒரு குழந்தையை நினைத்தால் இந்தத் தொழில்நுட்பத்தை எப்படி வேண்டாம் என்பது?

2024 தொடக்கத்தில் பரவலாக வந்த எஃப்.எஸ்.டி.யின் 12ஆம் பதிப்பு வேறு தினுசு. நகரச் சாலையில் ஓட்டும் பகுதியில் மனிதர் கையால் எழுதிய மூன்று லட்சத்துக்கும் அதிகமான வரி நிரலை எடுத்துவிட்டு, வீடியோவில் பயிற்சி பெற்ற ஒரே நரம்பு வலையமைப்பை வைத்ததாக வெளியீட்டுக் குறிப்பு சொன்னது. இந்த மென்பொருளை உருவாக்கும் குழுவைத் தலைமையேற்று நடத்துபவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அசோக் எல்லுசாமி, நம்மில் பலருக்கு அதில் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஓட்டியவர்கள் பலரும் மனிதர் ஓட்டுவது போல இருக்கிறது, வெட்டி வெட்டிப் போவது குறைந்தது என்றார்கள். ஆனால் இதில் ஒரு கஷ்டம் உள்ளேயே இருக்கிறது. கையால் எழுதிய நிரலில் நிறுத்தப் பலகை விதியை மாற்றினால், மாறியது அந்த விதி என்று விரலை வைத்துக் காட்டலாம். மறுபடி பயிற்சி கொடுத்த வலையமைப்பில் ரவுண்டானாவுக்காகச் செய்த மாற்றம் வேறெங்கோ தலைகாட்டலாம், எங்கே என்று தயாரித்தவருக்கே ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்போது வெளியீட்டுக் குறிப்பில் என்ன எழுதுவது?

2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்கு வந்த ரீகாலும் அப்டேட்தான். ஓட்டுபவர் கவனமாக இருக்கிறாரா என்று கண்காணிப்பது போதவில்லை என்பதால் எச்சரிக்கைகளைப் பெரிதாக்கினார்கள், கூப்பிட்டும் கவனிக்காதவர்களுக்கு ஒரு வாரம் வசதியைத் தடை செய்தார்கள். திருத்தம் ஏறிய பிறகும் விபத்துகள் நடந்ததால் 2024 ஏப்ரலில் என்.எச்.டி.எஸ்.ஏ. அந்தத் திருத்தத்தையே விசாரிக்க வேண்டி வந்தது. திருத்தத்தின் ஒரு பகுதியை ஓட்டுபவர் தானாகப் போய் இயக்க வேண்டும், வேண்டாமென்றால் உடனே பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதில் குறிப்பிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தத்தை விருப்பப் பட்டியலில் வைத்ததை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 156ஆம் எண் வாகன விதி இதற்கென்றே வந்தது. அப்டேட்டுக்கு முன்பு அது எதற்காக, வண்டியின் செயல்பாட்டில் என்ன மாறுகிறது, எவ்வளவு நேரமாகும் என்பதைப் பயன்படுத்துபவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். அந்த விதிக்கு அடிப்படையான சர்வதேச உடன்படிக்கையில் அமெரிக்கா இல்லை, அங்கே தயாரிப்பாளர் தானே சான்று கொடுத்து விற்கலாம், கோளாறு வந்த பிறகுதான் அரசு வரும்.

அந்த விதி கேட்பது கூட எனக்குப் பாதிதான். செயல்பாடு என்ன மாறியது என்பதைப் பொறியாளர் மொழியில் பத்து வரி எழுதிவிட்டுப் போகலாம், திரையில் அதைப் படிக்காமல் தள்ளிவிடுவதும் எளிது. ஓட்டுபவருக்கு வேண்டியது வேறு. இந்தப் பதிப்பில் மேம்பால நிழலில் வேகம் குறைவது போய்விட்டது, இனி பிரேக் விழுந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இந்தப் பதிப்பில் முன்வண்டியோடு விடும் இடைவெளி குறைந்திருக்கிறது, முதல் இரண்டு நாள் காலை பிரேக் பக்கம் வைத்திருங்கள். அவ்வளவு நேரடியாக. அதை எழுதும் அளவுக்குத் தங்கள் பதிப்பு என்ன செய்யும் என்று தெரியவில்லையென்றால், அந்த அப்டேட்டை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருக்கட்டும்.